புல் வளர்ந்தால் ஓடுபாதை போச்சு: அமெரிக்கக் காடுகளுக்குள் இருக்கும் குட்டி விமானத் தளங்கள்

யூடியூபில் 'ஜான்சன் க்ரீக்' என்று தேடிப் பாருங்கள். இரண்டு பக்கமும் பைன் மரங்கள் அடர்ந்த மலை, நடுவில் ஓர் ஓடை, ஓடையை ஒட்டி நீளமாக ஒரு புல்வெளி. முதல் முறை பார்க்கிறவர் யாரோ மாடு மேய விட்ட இடம் என்றுதான் நினைப்பார். கொஞ்ச நேரத்தில் மலை வளைவிலிருந்து ஒரு சின்ன விமானம் வெளியே வந்து, அந்தப் புல்லில் குதித்துக் குதித்து உருண்டு நிற்கும். உள்ளிருந்து இறங்குகிறவர் இறக்கைக்கு அடியிலேயே கூடாரம் அடித்து, அடுப்பை மூட்டி, காபி போட ஆரம்பித்துவிடுவார். ஐடஹோ மாநிலத்தில் யெல்லோ பைன் என்கிற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கிற இந்த ஓடுபாதையின் நீளம் 3,400 அடி. கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது, தார் கிடையாது, விளக்கு கிடையாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்ட, கம்பத்தில் ஒரு துணிக்குழாய் ஆடிக்கொண்டிருக்கும்.

இப்படிப்பட்ட இடத்துக்கு அங்கே 'பேக்கன்ட்ரி ஏர்ஸ்ட்ரிப்' என்று பெயர். சாலை முடிந்த பிறகு வருகிற காடு, மலை, பாலைவனம் எல்லாம் பேக்கன்ட்ரி. அதற்குள் விமானம் இறங்கி ஏறுகிற அளவுக்குச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலம்தான் ஏர்ஸ்ட்ரிப். ஜான்சன் க்ரீக் இந்தக் கூட்டத்தில் வசதியான வீட்டுப் பிள்ளை: மாநில அரசே பராமரிக்கிறது, குளிக்க வெந்நீர்கூட உண்டு. மற்றவை பெரும்பாலும் அப்படியில்லை. கல்லும் புல்லும் மான் சாணமுமாக, வரைபடத்தில் ஒரு சின்ன வட்டம், சில சமயம் அதுவும் இல்லை.

இந்த ஓடுபாதைகள் எப்படிக் காணாமல் போகின்றன, போனதை எப்படித் திரும்பத் திறக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. விமானம் ஓட்டத் தெரியாதவர்களுக்காக எழுதுவதால் தொழில்நுட்பத்தைக் குறைத்துக்கொள்கிறேன்.

முதலில் நிலம் யாருடையது? அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பெரும்பகுதி நிலம் மத்திய அரசுக்குச் சொந்தம். பி.எல்.எம். என்கிற நில நிர்வாகத் துறையிடம் மட்டும் சுமார் 24.5 கோடி ஏக்கர், வனத்துறையிடம் சுமார் 19.3 கோடி ஏக்கர், அப்புறம் தேசியப் பூங்காக்கள் தனி. நம் ஊர்ப் புறம்போக்கு மாதிரி கேட்பாரற்ற நிலம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அலுவலகம், ஓர் அதிகாரி, 'இங்கே என்னென்ன செய்யலாம்' என்று சொல்லும் தடிமனான திட்டப் புத்தகம் எல்லாம் இருக்கின்றன. வானத்தைப் பார்த்துக்கொள்வது எஃப்.ஏ.ஏ. என்கிற விமானத் துறை. மண்ணைப் பார்த்துக்கொள்வது நிலத் துறை. சக்கரம் தரையைத் தொட்ட நொடியில் நீங்கள் இன்னொரு ராஜ்யத்துக்குள் வந்துவிடுகிறீர்கள்.

அந்த ராஜ்யங்களின் சுபாவமும் வேறு வேறு. பி.எல்.எம். நிலத்தில் தடை போடாத இடத்தில் பொதுவாக இறங்கலாம். தேசியப் பூங்காவில் நேர் எதிர்: இங்கே இறங்கலாம் என்று குறித்த இடத்தைத் தவிர வேறெங்கும் கூடாது. கலிஃபோர்னியாவின் சலீன் பள்ளத்தாக்கில் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பக்கத்தில் 'சிக்கன் ஸ்ட்ரிப்' என்று ஒரு பாலைவன ஓடுபாதை இருக்கிறது. 1994இல் அந்தப் பள்ளத்தாக்கு டெத் வேலி தேசியப் பூங்காவோடு சேர்ந்தது. மண்ணில் ஒரு கல்கூட நகரவில்லை, ஆனால் கேள்வி தலைகீழாகிவிட்டது. 'ஏன் மூட வேண்டும்' என்பது போய் 'ஏன் வைத்திருக்க வேண்டும்' என்றாகிவிட்டது. அந்த ஓடுபாதை தப்பியது, ஆனால் பூங்காவின் திட்டத்தில் அதற்கு ஒரு இடம் கிடைத்ததால்தான் தப்பியது.

இவற்றை யார் போட்டார்கள்? பல பேர், பல காரணம். 1930களில் வனத்துறையே நிறையப் போட்டது, காட்டுத்தீயை அணைக்க ஆளையும் சாமானையும் சீக்கிரம் கொண்டுபோக வேண்டியிருந்தது. விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்துத் தீயணைக்கும் 'ஸ்மோக்ஜம்பர்' வேலை 1940 ஜூலையில் ஐடஹோவின் நெஸ் பெர்ஸ் காட்டில்தான் தொடங்கியது. இன்னொரு பக்கம், யூட்டா மாநிலத்தில் 1952இல் மோவாப் அருகே சார்லி ஸ்டீன் என்பவர் பெரிய யுரேனியப் படிவத்தைக் கண்டுபிடித்ததும், ஊரே கதிர்வீச்சை அளக்கிற கைகர் கருவியைத் தூக்கிக்கொண்டு பாலைவனத்துக்குக் கிளம்பியது. ஜீப் போக இரண்டு நாள் ஆகிற பள்ளத்தாக்குக்கு விமானத்தில் இருபது நிமிடம் என்றால் புல்டோசரை வைத்து ஒரு கோடு கிழிக்க மாட்டார்களா? சான் ரஃபேல் பகுதியில் இருக்கிற ஹிட்டன் ஸ்ப்ளெண்டர், மெக்சிகன் மவுண்டன் ஓடுபாதைகள் அந்தக் காலத்து மிச்சம். சுரங்கம் மூடிவிட்டது, கோடு மட்டும் இருக்கிறது. இது போகப் பண்ணைக்காரர்கள், வேட்டைக்கு ஆள் கூட்டிப்போகிறவர்கள், தபால். ஐடஹோ காட்டுக்குள் சாலையே இல்லாத பண்ணைகளுக்கு வாராவாரம் தபாலும் மளிகையும் சின்ன விமானத்தில்தான் போகும்.

சரி, இவை எப்படிச் சாகின்றன? யாரோ அதிகாரி வந்து பூட்டுப் போடுவதாக நினைப்போம். அப்படி நடப்பது குறைவு. பெரும்பாலும் யாரும் எதுவும் செய்யாததால் சாகின்றன. ஒரு கோடையில் இரண்டு விமானம் வந்தது, அடுத்த கோடையில் ஒன்று, அதற்கடுத்த கோடையில் ஒன்றும் வரவில்லை. புல் முழங்கால் உயரம் வந்துவிட்டது, அந்தப் புல்லுக்குள் இருக்கிற கல் மேலிருந்து தெரியாது என்பதால் வர நினைத்தவரும் திரும்பிவிட்டார். ஓரத்தில் பைன் கன்று நாலு முளைத்தது. ஐந்து வருடத்தில் அது ஆள் உயரம், பத்து வருடத்தில் மரம். வசந்தத்தில் பனி உருகி ஓடை ஒதுங்கி வந்து ஒரு முனையை அரித்துக்கொண்டு போகும். அதற்குள் அந்த ஓடுபாதையை அறிந்த வனக்காவலர் ஓய்வு பெற்றிருப்பார். புதிதாக வந்தவர் பகுதித் திட்டத்தைத் திருத்தி எழுதும்போது பாதைகளின் பட்டியல், முகாம் இடங்களின் பட்டியல் எல்லாம் போடுவார். ஓடுபாதை என்று ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாது. பட்டியலில் இல்லை. இல்லாததை யாரும் மூட வேண்டியதில்லை.

இந்த விஷயத்தில் என் கருத்து இதுதான்: காட்டு ஓடுபாதையைக் கொல்வது தடை உத்தரவைவிட மறதிதான். ஊரில் ஒற்றையடிப் பாதை இருக்கிறதே, நாலு பேர் நடக்கிற வரை அது பாதை, நடக்காவிட்டால் முள். அந்தக் கதைதான் இங்கேயும். கூடுதலாக ஒன்று, இங்கே காலடியோடு காகிதமும் வேண்டும்.

காகிதம் என்றதும் சட்டத்துக்கு வருவோம், இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. 1964இல் அமெரிக்காவில் வில்டர்னெஸ் சட்டம் வந்தது. குறிப்பிட்ட காடுகளை 'வில்டர்னெஸ்' என்று அறிவித்துவிட்டால் அதற்குள் சாலை கூடாது, மோட்டார் கூடாது, விமானம் இறங்கக் கூடாது. அதே சட்டத்திலேயே ஒரு சன்னல் திறந்து வைத்திருந்தார்கள்: ஏற்கெனவே விமானம் வந்துபோகிற வழக்கம் இருந்தால், அதைத் தொடர அனுமதிக்கலாம் என்று. கவனியுங்கள், 'அனுமதிக்கலாம்'தான், 'அனுமதிக்க வேண்டும்' இல்லை. அதிகாரி மனம் வைத்தால் உண்டு.

அந்தச் சட்டத்தை செனட் சபையில் முன்னின்று நடத்தியவர் ஃப்ராங்க் சர்ச், ஐடஹோவின் செனட்டர். பதினாறு வருடம் கழித்து, 1980இல் அவருடைய மாநிலத்தின் நடுவிலேயே 20 லட்சம் ஏக்கருக்கும் மேல் ஒரு மாபெரும் வில்டர்னெஸ் உருவானது. அவர் மறைந்த 1984இல் அதற்கு அவர் பெயரையும் சேர்த்தார்கள். அந்த 1980 சட்டத்தில் 'அனுமதிக்கலாம்' என்று விட்டுவைக்கவில்லை. இந்தச் சட்டம் வந்த நாளில் வழக்கமாகப் பயன்பாட்டில் இருந்த எந்த ஓடுபாதையையும் வனத்துறை நிரந்தரமாக மூடக் கூடாது, பயன்படாதபடி ஆக்கிவிடவும் கூடாது. விமானங்களுக்கு மிகக் கடுமையான ஆபத்து என்றால் மட்டும் மூடலாம், அதுவும் ஐடஹோ மாநில விமானத் துறை எழுத்தில் சம்மதித்தால்தான். 'பயன்படாதபடி ஆக்கிவிடக் கூடாது' என்கிற அந்த ஒரு வரியை எழுதியவர் அரசு அலுவலகத்தை நன்றாக அறிந்தவராக இருக்க வேண்டும். மூடுகிறேன் என்று சொல்லாமலே, அறுக்க வேண்டிய புல்லை அறுக்காமல் விட்டு மூடலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மொன்டானாவிலும் 1978இல் வந்த கிரேட் பேர் வில்டர்னெஸுக்குள் ஷேஃபர் மெடோஸ் என்கிற ஓடுபாதை இன்றும் இயங்குகிறது. அலாஸ்கா தனி உலகம். சாலைகளே குறைவான மாநிலம் என்பதால் 1980இல் வந்த இன்னொரு சட்டம் அங்கே விமானத்தில் போய்வருவதை வில்டர்னெஸுக்குள்ளும் அனுமதிக்கிறது, ஆற்றுச் சரளை மேடெல்லாம் ஓடுபாதைதான். அதற்குள் போனால் கட்டுரை முடியாது.

சட்டம் காப்பாற்றாத இடங்களில் என்ன செய்வது? 2003இல் மொன்டானா விமானிகள் சிலர் சேர்ந்து ரிக்ரியேஷனல் ஏவியேஷன் ஃபவுண்டேஷன் என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். சுருக்கமாக ஆர்.ஏ.எஃப்., பிரிட்டன் விமானப்படையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இவர்கள் கண்டுகொண்ட முக்கியமான உண்மை, சண்டை நடக்கிற இடம் காடு இல்லை, கூட்ட அறை என்பது. 2001இல் மொன்டானாவில் அப்பர் மிசூரி ரிவர் பிரேக்ஸ் என்கிற பகுதி 'தேசிய நினைவுச் சின்னம்' என்று, அதாவது பாதுகாக்கப்பட்ட நிலமாக, அறிவிக்கப்பட்டது. பி.எல்.எம். அதற்குத் திட்டம் எழுத ஆரம்பித்தது. பல ஆண்டுகள் கருத்துக் கேட்புக் கூட்டங்கள், மனுக்கள். மலையேறுகிறவர், படகு விடுகிறவர், மாடு வளர்க்கிறவர் எல்லாரும் வந்து பேசுகிற கூட்டத்தில் விமானிகளும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். 2008இல் முடிவு வந்தபோது ஆறு ஓடுபாதைகள் திட்டத்தில் இடம்பிடித்தன.

அதிகாரிகள் தயங்குவதற்கு இன்னொரு காரணம், 'யாராவது விழுந்து அடிபட்டால் வழக்கு நம் தலையில்' என்கிற பயம். அமெரிக்காவில் இந்தப் பயம் நியாயமானது. அங்கே மாநிலங்களில் ஒரு வகைச் சட்டம் உண்டு: காசு வாங்காமல் தன் நிலத்தில் மற்றவரை மீன்பிடிக்கவோ நடக்கவோ விட்டால், விபத்து நடந்தால் நிலக்காரர் பெரும்பாலும் பொறுப்பில்லை. அந்தப் பொழுதுபோக்குகளின் பட்டியலில் பல மாநிலங்களில் விமானம் இல்லாமல் இருந்தது. ஆர்.ஏ.எஃப். மாநிலம் மாநிலமாகப் போய் அந்த ஒரு சொல்லைச் சேர்க்க வைத்தது. பார்க்க அற்ப விஷயம். ஆனால் ஒரு பண்ணைக்காரர் தன் ஓடுபாதையைப் பிறருக்குத் திறந்துவிடுவாரா மாட்டாரா என்பது பல நேரம் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

இனித் திரும்பத் திறப்பது. நாலு பேர் மண்வெட்டியோடு போய்ச் செப்பனிட்டுவிட முடியாது, அது குற்றம். முதலில் அந்த ஓடுபாதை முன்பு இருந்தது என்று நிறுவ வேண்டும்: பழைய விமான வரைபடம், வான்வழிப் படம், பழைய விமானிகளின் பறப்புப் பதிவேடு. பிறகு உள்ளூர் அலுவலகத்தில் பேச்சு. மத்திய அரசு நிலத்தில் இப்படிப்பட்ட முடிவு எடுக்கும் முன் சுற்றுச்சூழல் விளைவைப் பார்த்தாக வேண்டும் என்பது 1970 முதல் சட்டம். பறவை கூடு கட்டும் இடமா, பழங்குடியினரின் தொல்லியல் தடயம் இருக்கிறதா, தண்ணீர் எங்கே ஓடுகிறது என்றெல்லாம் கேள்வி வரும். அனுமதி கிடைத்ததும் விமானிகள் சங்கம் 'பராமரிப்பு எங்கள் வேலை' என்று ஒப்பந்தம் போடும். அதிகாரியின் காதில் தேனாகப் பாய்கிற வார்த்தை அதுதான், அவரிடம் ஆளும் இல்லை, பணமும் இல்லை. பெரிய விமான நிலையங்களுக்குப் போகிற மத்திய மானியம் இவற்றுக்கு வராது.

அப்புறம் வேலை. வார இறுதியில் இருபது பேர் அவரவர் விமானத்தில் வந்து இறங்கி, கல் பொறுக்கி, எலி வளையை மூடி, களையைக் கையால் பிடுங்கி, கிழிந்த துணிக்குழாயை மாற்றிவிட்டு, இரவு நெருப்பைச் சுற்றி உட்காருவார்கள். வில்டர்னெஸுக்குள் இருந்தால் இன்னும் வேடிக்கை: அங்கே மோட்டார் இயந்திரம் கூடாது என்பதால் விழுந்த மரத்தை இரண்டு பேர் பிடிக்கிற ரம்பத்தால்தான் அறுக்க வேண்டும். ஐடஹோவில் செல்வே ஆற்றுப் பக்கம் மூஸ் க்ரீக்கில் ஓடுபாதையின் புல்லை வெட்டுவது குதிரைகள் இழுக்கிற பழைய காலத்துப் புல்வெட்டி. விமானம் இறங்குவதற்காகக் குதிரை புல் வெட்டுகிறது. சட்டத்தின் எழுத்தைப் பிடித்துக்கொண்டே போனால் இப்படிப்பட்ட அழகான காட்சிகளும் கிடைக்கும்.

ஆபத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. இவற்றில் பல ஒருவழி ஓடுபாதைகள், மலைச்சரிவில் மேடு ஏறுகிற பக்கமாகத் தரையிறங்கி, பள்ளம் நோக்கி ஓடிக் கிளம்ப வேண்டும். ஒரு கட்டத்துக்குப் பிறகு 'இந்த முறை சரியாக வரவில்லை, சுற்றி வருகிறேன்' என்று மேலே போக முடியாது, எதிரே மலை. அதைவிடப் புதியவர்களை ஏமாற்றுவது வெயில்: சூடான காற்று, உயரத்துக் காற்று மாதிரியே மெலிந்துவிடும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஜான்சன் க்ரீக் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,900 அடி. அந்த உயரத்தில் காற்றின் 'இயல்பான' வெப்பநிலை சுமார் 5 டிகிரி என்று விமானக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். கோடை மதியம் 30 டிகிரி என்றால் 25 டிகிரி அதிகம். ஒரு டிகிரிக்கு 120 அடி என்று கூட்டினால் 3,000 அடி. அதாவது விமானத்துக்கு அந்த இடம் 7,900 அடி உயரத்தில் இருப்பதுபோலத்தான். சாதாரண எஞ்சின் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 சதவீதம் பலம் இழக்கும் என்பதால் பலத்தில் கால் பங்கு போச்சு, இறக்கைக்கும் பிடிமானம் குறைவு, ஓட வேண்டிய தூரம் கூடுதல். காலையில் ஜம்மென்று ஏறிய அதே விமானம் மதியம் மரத்தைத் தாண்டுமா என்பது சந்தேகம். அதனால்தான் மலைக்குள் பறக்கிறவர்கள் விடியற்காலையில் கிளம்பி, பத்து பதினொரு மணிக்குள் வேலையை முடித்துவிட்டு, மீதி நாளெல்லாம் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எதிர்ப்பு இல்லையா? உண்டு, அதில் நியாயமும் உண்டு. மூன்று நாள் நடந்து காட்டின் நடுவுக்கு வந்து கூடாரம் போட்டவருக்கு, தலைக்கு மேல் எஞ்சின் சத்தம் கேட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும், அவர் அந்த அமைதிக்காகத்தான் நடந்தார். இந்த மோதல் கூர்மையாகத் தெரிகிற இடம் ஃப்ராங்க் சர்ச் வில்டர்னெஸின் பிக் க்ரீக் ஓடைப் பகுதி. டூயி மூர், மைல் ஹை, வைன்ஸ், சைமண்ட்ஸ் என்று அங்கே நான்கு குட்டி ஓடுபாதைகள். மைல் ஹை 600 அடிக்கும் குறைவு, செங்குத்தான சரிவு, பயிற்சி இல்லாதவர் நினைத்தும் பார்க்கக் கூடாது. இந்த நான்கும் அவசரத்துக்கு மட்டுமே என்பது வனத்துறை நெடுநாள் சொல்லிவந்தது. நாங்கள் எப்போதும் இறங்கிக்கொண்டுதான் இருந்தோம் என்பது விமானிகள் வாதம். இவற்றைப் பராமரிக்கவே கூடாது என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் நீதிமன்றத்துக்கே போயின. எல்லாம் சுற்றிச் சுற்றி அந்த 1980 சட்டத்தின் 'வழக்கமான பயன்பாடு' என்கிற இரண்டு சொல்லுக்கு வந்து நிற்கிறது. வருடத்துக்கு எத்தனை விமானம் வந்தால் வழக்கம்? சட்டத்தில் எண் இல்லை. என்னைக் கேட்டால் ஷேஃபர் மெடோஸ், இந்தியன் க்ரீக் மாதிரியானவற்றை வைத்துக்கொள்வதில் இரண்டாம் யோசனையே வேண்டாம், இந்த நான்கு விஷயத்தில் இரண்டு பக்கமும் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தியன் க்ரீக் பெயரைச் சொன்னதால் அதையும் சொல்லிவிடுகிறேன். சால்மன் ஆற்றின் மிடில் ஃபோர்க் கிளையில் ரப்பர் படகில் போகிறவர்கள் வழக்கமாக பவுண்டரி க்ரீக் என்கிற இடத்தில் சாலை முடியும் முனையிலிருந்து ஆற்றில் இறங்குவார்கள். கோடைக் கடைசியில் மேல் பகுதியில் தண்ணீர் வற்றிவிடும், ஏற்றிய படகு பாறையில் தட்டும். அப்போது பயணிகளும் மூட்டை முடிச்சும் சின்ன விமானத்தில் இந்தியன் க்ரீக் ஓடுபாதைக்கு வந்து இறங்கி, அங்கிருந்து படகு ஏறுவார்கள். அவர்களில் பெரும்பாலானோர் வாழ்நாளில் விமானம் ஓட்டாதவர்கள். கையில் தண்ணீர் புகாத பை, தலையில் தொப்பி, விமானத்திலிருந்து இறங்கி நேராக ஆற்றங்கரைக்கு நடந்துபோய், எந்தப் படகில் எந்தப் பை என்று சத்தம் போட ஆரம்பித்துவிடுவார்கள். தாங்கள் இறங்கிய புல்லை யார் வெட்டினார்கள் என்று கேட்க அவர்களுக்கு நேரமில்லை, விமானமும் அடுத்த நடைக்குத் திரும்பிக் கிளம்பியிருக்கும், வெயில் ஏறுவதற்குள் இன்னும் இரண்டு நடை பாக்கி.